ஆளில்லாத வாசிப்பறை

கடிதத்தின் இடது மூலையில் நகராட்சி முத்திரை, வலது மூலையில் மின்சாரக் கம்பெனி முத்திரை. நடுவில் என் வயிற்றெரிச்சல்.

"எரிசக்தி சேமிப்புக் கூட்டுத் திட்டத்தின் கீழ் நடத்தப்பட்ட அளவீட்டின்படி, தங்கள் பொறுப்பிலுள்ள வாசிப்பறை, பிற்பகல் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை, எழுபத்தொரு விழுக்காடு நேரம் ஆளில்லாமல் இருந்துள்ளது. எனவே அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து பிற்பகலில் அறை மூடப்படும்."

அப்போது மணி மூன்றேகால். தலையைத் தூக்கிப் பார்த்தேன். எதிரே பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதோ என்று விரல் விட்டு எண்ணினேன். பதினொன்றுதான். கடிதத்தை மறுபடி படித்தேன். தேதி சரி, முகவரி சரி, என் பெயர்கூடப் பிழையில்லாமல் இருந்தது. ஆட்களைத்தான் காணோம்.

என் வாசிப்பறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நகராட்சிக் கட்டடத்தின் பின்பக்கத்தில், உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறை அது. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் என்னை நூலகர் என்று நியமித்தபோது நூலகமும் இல்லை, நூலும் இல்லை. நான் மட்டும்தான் இருந்தேன். கெஞ்சி, முட்டி மோதி, சண்டை போட்டு ஆறு மேசைகளும் இரண்டாயிரத்துச் சொச்சம் புத்தகங்களும் சேர்த்தேன். அதைவிடப் பெரும்பாடு பட்டு இன்னொன்றையும் சேர்த்தேன், அமைதி. உள்ளே வந்தால் பேசக் கூடாது, நாற்காலியை இழுக்கக் கூடாது, காலை ஆட்டக் கூடாது. படிக்கிற ஒருவரை யாரும், நான் உட்பட, தொந்தரவு செய்யக் கூடாது. முதல் வருடம் என்னை ராட்சசி என்றார்கள். பிறகு பழகிவிட்டார்கள். பிற்பகலில் வருகிறவர்கள் இரண்டு மணிக்கு உட்கார்ந்தால் ஐந்து மணிக்குத்தான் எழுவார்கள்.

அவர்களில் இரண்டு பேரைச் சொன்னால் போதும். ஒருவர் தையற்காரர், வேலையை விட்டு ஓய்ந்தவர். நாற்பது வருடம் மெஷின் மிதித்த கால் இங்கே வந்தால் கட்டை விரலைக்கூட அசைக்காது. இன்னொருத்தி இரவு ஷிப்ட் நர்ஸ். வீட்டில் ஒற்றை அறை, மூன்று பிள்ளைகள், மாமியார், ஓயாத டி.வி. தடித்த அகராதி ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் பின்னால் நிமிர்ந்தபடியே தூங்குவாள். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். குறட்டை விடாதவரை அது படிப்புதான் என்பது என் கட்சி.

நான்கு மாதங்களுக்கு முன் நகராட்சியும் மின்சாரக் கம்பெனியும் கை கோத்துக்கொண்டன. கட்டடங்கள் நகராட்சியுடையவை, கருவிகள் கம்பெனியுடையவை, மிச்சமாகும் மின்சாரத்தின் பெருமை இருவருக்கும் பாதிப் பாதி. மொத்தம் நாற்பத்திரண்டு கட்டடங்கள். என் அறையின் கூரையில் சின்னக் கிண்ணம் அளவுக்கு வெள்ளையாக ஒன்றைப் பொருத்தினார்கள். சென்சார் என்றார்கள். பத்து நிமிடம் அசைவு இல்லையென்றால் அதுவே விளக்கை அணைத்துவிடும், அசைவு வந்தால் அதுவே போட்டுவிடும். சுவரிலிருந்த ஸ்விட்சுகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

கம்பெனி சார்பில் இந்தத் திட்டத்தைக் கையில் எடுத்துச் செய்த இஞ்சினியர் வேறு யாருமல்ல, என் கூடப்பிறந்த தம்பி. என்னைவிடப் பதினான்கு வயது சின்னவன். எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறான். ஒரு நிமிடம் ஓரிடத்தில் உட்காராத பிள்ளை. சாப்பிடும்போதுகூட இரண்டு தடவை எழுந்து போவான். முதல்முறையாக ஒரு திட்டத்தை அவனை நம்பிக் கொடுத்திருந்தார்கள். மூன்று மாதமாக அவனுக்குத் தரையில் கால் பாவவில்லை. எனக்கும் பெருமைதான், பொய் சொல்வானேன்.

முதல் வாரம் அறையில் ஒரே கூத்து. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விளக்கு போய்விடும். தையற்காரர் எழுந்து நின்று இரண்டு கைகளையும் ஆட்டுவார், விளக்கு வரும். பிறகு அவருக்கும் அலுத்துவிட்டது. மேற்குப் பக்கம் நான்கு பெரிய ஜன்னல்கள் இருக்கின்றன. பிற்பகலில் வெயில் தாராளமாக வரும். விளக்கு போனால் போகட்டும் என்று எல்லோரும் ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டார்கள். மின்சாரம் மிச்சமாகிறது, யாரும் முணுமுணுக்கவில்லை, தம்பியின் திட்டம் நன்றாக நடக்கிறது என்று நான் வேறு பூரித்துப் போனேன். இப்போது நினைத்தால் என்னை நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே நகராட்சித் திட்டப் பிரிவுக்குப் போனேன். அங்கேயிருக்கும் அதிகாரிக்கு அலுவலகத்தில் 'பாக்கலாம்' என்று பெயர். எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்.

"சார், பதினோரு பேர் உட்காந்திருக்காங்க. இப்பவே வந்து பாருங்க. பத்தடி தூரம்."

"பாக்கலாம்மா. ஆனா நான் பாத்து என்ன ஆகப் போகுது? அளந்தது கம்பெனி. நாங்க கையெழுத்து மட்டும்தான்."

"அறை உங்களுதுதானே சார்?"

"அறை எங்களுது. அறைக்குள்ள ஆள் இருக்காங்களா இல்லையாங்கறது கம்பெனியோடது. ஒப்பந்தத்துல அப்படித்தான் இருக்கு."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பத்தடி தூரத்தில் இருக்கும் மனிதர்களைப் பார்க்க ஒரு ஒப்பந்தம் குறுக்கே நிற்குமா? நிற்குமாம்.

அன்று மாலை தம்பி சாப்பிட வந்ததும் கடிதத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். என் வீட்டுக்காரர் நகரப் பேருந்து ஓட்டுநர். அவர் முந்திக்கொண்டு படித்துவிட்டுச் சிரித்தார்.

"உன் ரூம்ல பேய்தான் படிக்குதுன்னு எழுதிட்டான் உன் தம்பி."

"மாமா, சும்மா இருங்க." தம்பியின் முகம் வெளிறிவிட்டது. "அக்கா, சத்தியமா இது உன் ரூம்னு எனக்குத் தெரியாது. என்கிட்ட வரது வெறும் நம்பர். கட்டடம் பதினேழு, அறை மூணு."

"இப்பத் தெரிஞ்சுதில்ல? மாத்து."

"எப்படிக்கா மாத்துறது? சென்சார்ல அசைவு இல்ல. அசைவு இல்லன்னா ஆள் இல்ல. அதுதான் விதி."

"படிக்கிறவங்க எதுக்குடா அசையணும்?"

அவன் சாப்பாட்டை விட்டு எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். நான்கு மாதமாக இந்தக் கேள்வி அவனுக்கும் தோன்றவில்லை, அவன் மேலதிகாரிகளுக்கும் தோன்றவில்லை. பக்கம் திருப்புவதெல்லாம் அந்தக் கருவிக்குத் தெரியாதாம். ஆள் எழுந்து நடந்தால்தான் தெரியுமாம். கடைசியில் ஒரு வழி சொன்னான். ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் இரண்டு வாரம் மறு அளவீடு செய்வார்கள். அந்த இரண்டு வாரமும் அறையில் அசைவு இருக்க வேண்டும்.

மறுநாள் காலையே ஆட்சேபம் எழுதிக் கொடுத்தேன். பிற்பகல், இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக, நான் அந்த அறையில் உரக்கப் பேசினேன். எல்லோரும் என்னை ஏதோ விபத்துச் செய்தி சொல்ல வந்தவளைப் போலப் பார்த்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். பிற்பகல் போய்விடும் என்றதும் நர்ஸ் கையிலிருந்த அகராதியை மூடினாள்.

"மேடம், நான் எங்க போறது?"

அவ்வளவுதான் கேட்டாள். நானும் எங்கே போவேன்? பிற்பகல் இல்லையென்றால் இந்த அறையில் எனக்கு மிஞ்சுவது காலையில் செய்தித்தாளைப் புரட்டிவிட்டுப் போகிறவர்கள் மட்டும்தான். அறை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அந்த மூன்று மணி நேரத்தைத்தான்.

ஒரு பட்டியல் போட்டோம். எட்டு நிமிடத்துக்கு ஒருவர் எழுந்து, கதவு வரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். தையற்காரர்தான் மேற்பார்வை. கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து விரலைச் சொடுக்குவார். நர்ஸின் முறை வரும்போது பக்கத்தில் இருப்பவர் அவளுக்காக இன்னொரு தடவை நடந்துவிடுவார். கடமை தவறாமல் விளக்குகள் எரிந்தன. வெளியே கண்ணைக் கூசும் வெயில், உள்ளே பன்னிரண்டு விளக்குகள்.

ஆனால் ஒருவராலும் படிக்க முடியவில்லை. தன் முறை எப்போது வரும் என்றே எல்லோர் நினைப்பும். தையற்காரர் ஆறாவது நாள் என்னிடம் வந்து கிசுகிசுத்தார்.

"மேடம், ஒரே வரியை ஒன்பது தடவை படிச்சிட்டேன். இன்னும் அந்த ஆள் வீட்டுக்குள்ள நுழையவே இல்ல."

சொடுக்குச் சத்தத்திலும் நடமாட்டத்திலும் நர்ஸ் ஒரு நொடிகூடத் தூங்கவில்லை. இரண்டு வாரமும் சிவந்த கண்ணோடு நேராக வேலைக்குப் போனாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நாட்களை எண்ணினேன். அறையைக் காப்பாற்றுகிறேனா, கெடுக்கிறேனா என்று எனக்கே விளங்கவில்லை.

முடிவு வந்தது. அதை எடுத்துக்கொண்டு தம்பி மாடியிலிருந்து இறங்கி வந்தபோது அவன் முகமே சரியில்லை.

"அக்கா, இந்தத் தடவை நூத்துக்கு நூறு ஆள் இருக்காங்க."

"அப்புறம் என்ன?"

"கரண்ட் எகிறிடுச்சு. திட்டம் வரதுக்கு முன்னாடி எவ்வளவு செலவாச்சோ அதைவிட மூணு மடங்கு. முன்னாடி நீங்க பகல்ல எத்தனை லைட் போடுவீங்க?"

"வெயில் நாள்ல ஒண்ணும் போடமாட்டோம். பின் அலமாரிக்கு மட்டும் ஒண்ணு. அதான் ஸ்விட்சு இருந்துச்சே."

அவன் நெற்றியில் கை வைத்துக்கொண்டான். நாற்பத்திரண்டு கட்டடங்களில் மின்சாரம் கூடிப் போனது என் அறையில் மட்டும்தானாம். சேமிக்காத அறைக்கும் விதி ஒன்றுதான். பிற்பகலில் மூட வேண்டும்.

"அதாவது, அசையலன்னா ஆள் இல்லன்னு மூடுவீங்க. அசைஞ்சா கரண்ட் போகுதுன்னு மூடுவீங்க."

"அப்படித்தான் வருது அக்கா."

"எங்கடா வருது? எங்கேருந்து வருது? யாரு சொல்றா?"

எரிந்து விழுந்தேன். அவன் என்ன செய்வான், பாவம். அவனுக்கும் மண்டை காய்ந்துதான் போயிருந்தது. இருந்தாலும் எனக்கு முன்னால் நின்றவன் அவன்தானே.

"நீயே வந்து உக்காரு. ஒரு நாள். உன் ரெண்டு கண்ணால பாரு."

ஒரு வியாழக்கிழமை வந்தான். இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே, கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, கையில் கட்டம் போட்ட தாளோடு. மறுநாள் காலை நகராட்சியும் கம்பெனியும் சேர்ந்து உட்காரும் கூட்டம். அதற்குள் அவனே கால்மணிக்கு ஒருமுறை தலைகளை எண்ணி எழுதப் போகிறான். கருவி சொல்வதையும் தன் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவான். யாரும் நடிக்க வேண்டாம், எப்போதும் போல் இருங்கள் என்று எல்லோரிடமும் சொன்னான். எல்லோரும் இரண்டு வாரம் பட்டினி கிடந்தவர்கள் மாதிரி புத்தகத்தில் விழுந்தார்கள். நர்ஸ் மூன்றாவது நிமிடத்தில் தூங்கிவிட்டாள்.

சும்மா உட்கார்ந்திருந்தால் எல்லோரையும் முறைப்பது போலிருக்கும் என்று, கைக்கு வந்த ஒரு புத்தகத்தை எடுத்துத் தம்பி முன்னால் பிரித்து வைத்துக்கொண்டான். பாலைவனத்தை நடந்தே கடந்த ஒருவரின் பயணக் கதை. இரண்டு மணிக்கு எண்ணினான், எழுதினான். இரண்டேகாலுக்கு எண்ணினான், எழுதினான்.

இரண்டரைக்கு எண்ணவில்லை.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவனைப் பார்த்தேன். அவன் பக்கத்தைத் திருப்பினான். எழுதியிருப்பானோ, நான்தான் கவனிக்கவில்லையோ என்று எழுந்து போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். தாளில் இரண்டே வரிகள். பேனா மூடியிருந்தது.

இரண்டு நாற்பத்தொன்றுக்கு விளக்குகள் அணைந்தன. ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. தம்பி கண்ணை எடுக்காமலே புத்தகத்தை ஜன்னல் பக்கம் கொஞ்சம் சாய்த்துக்கொண்டான்.

நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தேன். போய் தோளைத் தொட்டு, "டேய், எண்ணுடா" என்று சொல்ல வேண்டும். நான்கு எட்டு வைத்தால் போதும். இந்த அறையே அந்தத் தாளில்தான் தொங்குகிறது. ஆனால் அவன் படித்துக்கொண்டிருந்தான். உதடு லேசாகப் பிரிந்திருந்தது. அந்தக் கால்கள், பிறந்ததிலிருந்து ஆடிக்கொண்டே இருந்த அந்தக் கால்கள், அடங்கிக் கிடந்தன. இருபத்திரண்டு வருடமாக இந்த அறையில் படிக்கிற ஒருவரை நான் கூப்பிட்டதில்லை. இன்றைக்குக் கூப்பிட்டால் என்ன, தலையா போய்விடும்? அறை போய்விடுமே! கூப்பிடு, கூப்பிடு என்று மனம் அடித்துக்கொண்டது. வாய் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். நான் செய்தது கிறுக்குத்தனமா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மூன்று மணி ஆனது, நான்கு ஆனது. ஒரு சத்தமில்லை. தையற்காரர் மட்டும் ஒருமுறை என் தம்பியைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து, புருவத்தை உயர்த்திவிட்டு, மறுபடி தன் புத்தகத்துக்குள் போய்விட்டார்.

ஐந்துக்கு நான் மணி அடித்தேன். எல்லோரும் எழ, பன்னிரண்டு விளக்குகளும் பளிச்சென்று எரிந்தன. தம்பி தூங்கி எழுந்தவனைப் போல விழித்தான். கடிகாரத்தைப் பார்த்தான். தாளைப் பார்த்தான்.

"அக்கா... ஏன் கூப்பிடல?"

"நீ படிச்சிட்டிருந்தே."

"அதுக்காக?"

அவன் அவசரமாக மடிக்கணினியைத் திறந்து கருவியின் பதிவைப் பார்த்தான். நானும் குனிந்து பார்த்தேன். இரண்டு நாற்பத்தொன்றிலிருந்து ஐந்து மணி வரை: ஆள் இல்லை. அவன் அந்த வரியில் விரலை வைத்தான்.

"நான் இருந்தேனே" என்றான், கருவியிடம் சொல்வது போல.

எல்லோரும் போன பிறகும் நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே நின்றோம். கையில் ஒன்றும் இல்லை. கருவி இல்லை என்கிறது. தாள் பாதிக்கு மேல் காலி. எண்ண வந்தவனே எண்ணவில்லை.

"நாளைக்கு என்னக்கா எழுதறது?"

"நீ இங்க இருந்தியா, இல்லையா?"

"இருந்தேன்."

"அப்ப அதை எழுது."

"எழுதினா என்ன ஆகும் தெரியுமா? இந்த ஒரு ரூமோட போகாது. அளந்த முறையே தப்புன்னு ஆயிடும். நாப்பத்திரண்டு கட்டடம். நான் காட்டின அத்தனை சேமிப்பும் சந்தேகம்தான். என் திட்டம்க்கா இது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் என் அறை, என் பிற்பகல் என்று மட்டும் குதித்துக்கொண்டிருந்தேன். எழுது என்று மறுபடி சொல்ல நாக்கு எழவில்லை. எழுதாதே என்றும் வரவில்லை. விளக்குகள் எரிய, கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அவன் தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அன்று சாப்பிட இறங்கி வரவில்லை.

அடுத்த புதன்கிழமை இன்னொரு கடிதம் வந்தது. அதே இரண்டு முத்திரைகள். வாசிப்பறை வழக்கம் போல் பிற்பகலிலும் இயங்கும், சென்சார் அகற்றப்பட்டு ஸ்விட்சுகள் திரும்பப் பொருத்தப்படும், எல்லாக் கட்டடங்களிலும் அளவீடு புதிதாகத் தொடங்கப்படும். தையற்காரரிடம் காட்டினேன். அவர் அதை நர்ஸின் அகராதிக்குள் சத்தமில்லாமல் செருகி வைத்தார், எழுந்ததும் பார்க்கட்டும் என்று. 'பாக்கலாம்' கூட வாசல் வரை வந்து, அறையை ஒரு நோட்டம் விட்டு, "நிறையப் பேர் இருக்காங்களே!" என்று ஆச்சரியப்பட்டுவிட்டுப் போனார்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மாலையில் வீட்டுக்கு ஓடினேன். தம்பி மாடிப் படியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தான். அவன் கையிலும் ஒரு கடிதம். அதில் ஒரே ஒரு முத்திரை.

"மீட்டர் பழுது பாக்கற பிரிவு. திங்கக்கிழமையிலேருந்து. திட்டத்தை வேற ஆள் பாப்பாங்களாம்."

கூட்டத்தில் அவன் என்ன எழுதிக் கொடுத்தான் என்பதை அப்போதுதான் சொன்னான். "அறையில் ஆட்கள் இருந்தார்கள். நானும் இருந்தேன். கருவி எங்களைக் காணவில்லை. எண்ண வந்த நான் படிக்கத் தொடங்கியதால் எண்ணவில்லை." கடைசி வரியைப் படித்ததும் அங்கே சிரித்தார்களாம். ஒரு இஞ்சினியர் இப்படியும் எழுதுவானா என்று. சிரித்து முடித்த பிறகு, கருவியின் முன்னால் ஓர் ஆள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தும் இல்லாமல் போனது எப்படி என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லையாம்.

எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

"உன்னை யாருடா அந்தக் கடைசி வரியை எழுதச் சொன்னது? எண்ணினேன்னு ஒரு வார்த்தை எழுதிட்டு, கட்டத்தை நிரப்பிக் குடுத்திருக்கக் கூடாதா? பதினோரு பேர்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். எனக்காக ஏன்டா இப்படி உன் பொழப்பைக் கெடுத்துக்கிட்டே?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அவன் கால்கள் மறுபடி ஆட ஆரம்பித்திருந்தன.

"உனக்காக இல்லக்கா" என்றான். "நான் அங்க இருந்தேன்ல."